மைலுக்கு எத்தனை அடி, நிமிடத்துக்கு எத்தனை அடி: ஃபிளாக்ஸ்டாஃப் வெயிலில் ஒரு ஏற்றக் கணக்கு

ஐ.எஃப்.ஆர். (வெளியே பார்க்காமல் கருவிகளை நம்பிப் பறக்கும் விதிமுறை) புறப்பாட்டுச் சார்ட்டில் சில ஊர்களுக்கு ஒரு வரி கூடுதலாக இருக்கும். நாட்டிக்கல் மைலுக்கு இத்தனை அடி, இந்த உயரம் வரை ஏறியாக வேண்டும் என்று. நம் பேனலில் இருக்கும் முள்ளோ நிமிடத்துக்கு எத்தனை அடி ஏறுகிறோம் என்று மட்டும்தான் காட்டும். சார்ட் தூரத்தைக் கேட்கிறது, முள் நேரத்தைச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துவைப்பது கிரவுண்ட் ஸ்பீடு, அதாவது தரைமேல் நகரும் வேகம். மைலுக்கு எத்தனை அடி என்பதைக் கிரவுண்ட் ஸ்பீடால் பெருக்கி 60-ஆல் வகுத்தால் முடிந்தது. மைலுக்கு 200 அடி வேண்டும், 90 நாட் (மணிக்கு 90 நாட்டிக்கல் மைல்) வேகத்தில் போகிறோம் என்றால் நிமிடத்துக்கு 300 அடி. 120 நாட் என்றால் 400.

எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும் கணக்குதான். நான் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் எடுத்தது அரிசோனாவில். இப்போது அங்கேயே சொல்லிக்கொடுக்கவும் செய்கிறேன். இந்தப் பெருக்கலில் யாரும் தடுமாறிப் பார்த்ததில்லை. எந்தக் கிரவுண்ட் ஸ்பீடை உள்ளே போடுவது, வரும் விடையை விமானத்தின் எந்த எண்ணோடு ஒப்பிடுவது என்ற இடத்தில்தான் ஆள் சறுக்குகிறார்கள். இந்தியாவிலிருந்து ஃபீனிக்ஸ் பக்கம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கு உதவுமே என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த 200 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். அமெரிக்க முறையில், சார்ட்டில் தனியாக எதுவும் போடவில்லை என்றால் நம்மிடம் எதிர்பார்ப்பது மூன்று விஷயங்கள். ரன்வேயின் கடைசி முனையைக் குறைந்தது 35 அடி உயரத்தில் கடக்க வேண்டும். அந்த முனையிலிருந்து 400 அடி ஏறும்வரை திரும்பக் கூடாது. அதன்பிறகும் மைலுக்கு 200 அடிக்குக் குறையாமல் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். சார்ட் தயாரிப்பவர்கள் ரன்வே முனையிலிருந்து 40-க்கு 1 என்ற சரிவில் ஒரு கற்பனைத் தளத்தை மேல்நோக்கி வரைகிறார்கள். அது மைலுக்கு 152 அடி உயரும். மலையோ மரமோ டவரோ அந்தத் தளத்தைக் குத்திக்கொண்டு மேலே வராவிட்டால் வழக்கமான 200 போதும். குத்தினால் அதற்கேற்பக் கூடுதலாகக் கேட்பார்கள், இல்லையென்றால் வேறு வழி காட்டுவார்கள்.

200-இல் 152 போனால் 48. நமக்கும் தடைக்கும் நடுவே வைத்திருக்கும் இடைவெளி மைலுக்கு 48 அடி, அவ்வளவுதான். ரன்வே முனையிலிருந்து மூன்று மைல் தாண்டி மேகத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறோம் என்று வையுங்கள். கணக்குப்படி சரியாகவே ஏறியிருந்தாலும் பாறையின் உச்சி நமக்கு 144 அடி கீழேயே இருக்கலாம். அதுவும் சட்டப்படி சரிதான். இதைக் கேட்ட பிறகு யாரும் இந்த எண்ணை அலட்சியமாக எடுத்துக்கொள்வதில்லை.

சரி, இப்போது ஃபிளாக்ஸ்டாஃபுக்கு வருவோம். ஃபீனிக்ஸிலிருந்து வடக்கே, 7,014 அடி உயரத்தில் இருக்கும் விமான நிலையம். சுற்றிலும் பைன் காடு, வடக்கே 12,633 அடிக்கு நிற்கும் ஹம்ஃப்ரீஸ் சிகரம். கீழே ஃபீனிக்ஸ் கொதிக்கிற ஜூலையிலும் அங்கே குளுகுளுவென்று இருக்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள். மனிதனுக்குக் குளுகுளுதான். எஞ்சினைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

மதியம் 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 7,000 அடியில் தர வளிமண்டலக் கணக்குப்படி இருக்க வேண்டியது 1 டிகிரி. வித்தியாசம் 29. டிகிரிக்கு 120 அடி வீதம் சேர்த்தால் டென்சிட்டி ஆல்டிடியூட் ஏறக்குறைய 10,500 அடி. அதாவது விமானம் ஓடுதளத்தில் நிற்கும்போதே பத்தாயிரம் அடிக்கு மேலே இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. இது மேட்டுநிலத்தின் பிரச்சினை மட்டுமில்லை. ஃபீனிக்ஸின் டியர் வேலி நிலையம் வெறும் 1,478 அடி உயரம்தான். ஆனால் 42 டிகிரியில் அங்கேயும் இந்தக் கணக்கு 5,000 அடியைத் தாண்டிவிடும்.

எங்கள் விமானம் செஸ்னா 172எஸ், முழு எடை 2,550 பவுண்டு. கையேட்டின் ஏற்ற அட்டவணையில் 6,000 அடிக்கும் 8,000 அடிக்கும் நடுவே பார்த்தால், 7,000 அடியில் 30 டிகிரிக்கு நிமிடத்துக்கு 365 அடி போலக் கிடைக்கும். ஏற வேண்டிய வேகம் 73 நாட். இது ஏர்ஸ்பீடு முள் காட்டும் வேகம். இந்த 73-ஐ அப்படியே கணக்கில் போட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. 200-ஐ 73-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் 243 வரும். 365 இருக்கிறதே, தாராளம் என்று தோன்றும். ஆனால் காற்று அவ்வளவு மெலிந்திருக்கும்போது முள்ளில் 73 என்றால் உண்மை வேகம் 86 நாட் அளவுக்கு இருக்கும். காற்றே வீசாத நாளிலும் தரைமேல் ஓடும் வேகம் அதுதான். அதை வைத்துப் போட்டால் தேவை 287 ஆகிவிடுகிறது. உயரமும் வெயிலும் இரண்டு பக்கமும் கடிக்கின்றன. ஏறும் சக்தியைக் குறைக்கின்றன, தேவையையும் கூட்டுகின்றன.

இன்னும் ஒன்று. அட்டவணையைப் படிக்கும்போது கண் ரன்வே உயரத்துக்கான எண்ணிலேயே போய் நிற்கும். சார்ட் கேட்பதோ ஒரு உயரம் வரைக்கும். அந்த உயரம் 9,000 அடி என்று வைத்தால், அங்கே வெப்பம் 26 டிகிரி போல இருக்கும், விமானம் தரக்கூடியது நிமிடத்துக்கு 275 அடிதான். உண்மை வேகமோ 87 ஆகியிருக்கும், தேவை 290. ரன்வேயில் 80 அடி உபரியோடு கிளம்பிய விமானம் மேலே போகப் போகக் கடனில் விழுகிறது.

இந்த இடத்தில் எப்போதும் ஒரு வாக்குவாதம் வரும். திருச்சிப் பக்கத்துப் பையன் ஒருவன், கணக்கில் கெட்டிக்காரன், வெள்ளைப் பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு, “அண்ணா, கடைசியில குறையுது சரி. ஆனா ஆரம்பத்துல உபரியா ஏறினது எங்க போச்சு? மொத்தத்துல நாம கோட்டுக்கு மேலதானே இருக்கோம்?” என்றான்.

நியாயமான கேள்வி. பலகையிலேயே போட்டுப் பார்த்தோம். 7,000-இலிருந்து 9,000 வரை சராசரி ஏற்றம் 320 அடி, சராசரி வேகம் 86.5 நாட். 320-ஐ 60-ஆல் பெருக்கி 86.5-ஆல் வகுத்தால் மைலுக்கு 222 அடி. பையன் சொன்னது சரி. மைலுக்கு 200 என்ற கோட்டுக்கு மேலேதான் இருக்கிறோம், 22 அடி வித்தியாசத்தில்.

“இப்ப வெளிய நிக்கிற வண்டிய போய்ப் பாரு” என்றேன். கையேட்டின் எண்கள் புது எஞ்சின், புது புரொப்பெல்லர், கை தேர்ந்த டெஸ்ட் பைலட் என்று வைத்து வந்தவை. பயிற்சிப் பள்ளி விமானங்கள் நாள் முழுக்க மாணவர்களிடம் அடிபட்டவை. சக்கர மூடிகளைக் கழற்றி வைத்திருப்பார்கள், இறக்கை முனையில் பூச்சிகள் காய்ந்து ஒட்டியிருக்கும். அதனால் நான் எப்போதும் 15 சதவீதம் கழித்துவிட்டுத்தான் பேசுவேன். 320-இல் 15 சதவீதம் போனால் 272. மைலுக்கு 189 அடி. இப்போது கோட்டுக்குக் கீழே வந்துவிட்டோம். பத்து மைல் போனபோது 2,000 அடி ஏறியிருக்க வேண்டியவன் 1,890-இல் இருப்பான். அந்த இடத்தில் தடைக்கு மேலே நமக்கென்று வைத்திருந்த இடைவெளி 480 அடி. அதில் கால்பங்கு போயிற்று. உடனே எதிலும் மோதிவிட மாட்டோம்தான். ஆனால் மதிய நேரத்தில் சிகரத்தின் மறைவில் காற்று கீழிறங்கும். அந்த முக்கால் பங்கையும் அது தின்னத் தொடங்கினால் மேகத்துக்குள் இருப்பவனுக்குத் தெரியவே தெரியாது.

அதே விமானம், அதே எடை, காலை ஆறு மணி, 10 டிகிரி. ரன்வேயில் கிடைப்பது 430, தேவை 275. 9,000 அடியில் கிடைப்பது 335, தேவை 280. கிடைப்பதில் 15 சதவீதத்தைக் கழித்த பிறகும் மேலே 285 மிஞ்சுகிறது. விடியலுக்கும் மதியத்துக்கும் நடுவே சார்ட் மாறவில்லை. கிளம்பலாமா என்பதற்கான பதில் மட்டும் மாறிவிட்டது. இதுவே மைலுக்கு 300 அடி கேட்கும் புறப்பாடாக இருந்தால், காலையிலும் 9,000 அடியில் 420 வேண்டும். இந்த விமானத்தால் முடியாது. எடையைக் குறைத்தால் ஒருவேளை பார்க்கலாம்.

15 சதவீதம் என்பது என் வழக்கம், விதி கிடையாது. அதைவிட நல்லது, உங்கள் விமானம் உண்மையில் என்ன தருகிறது என்று அளந்து வைத்துக்கொள்வது. நான் செய்வது எளிது. நல்ல வெளிச்சமான நாளில், 73 நாட்டைப் பிடித்துக்கொண்டு ஏறும்போது ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஸ்டாப்வாட்சை அழுத்துவேன். எடை, வெளி வெப்பம், எடுத்துக்கொண்ட நொடிகள் மூன்றையும் நீபோர்டில் (தொடையில் கட்டிக்கொள்ளும் எழுத்துப் பலகை) எழுதிவிடுவேன். ஏற்ற முள்ளை நம்பி எழுதாதீர்கள். வெயில் நேரத்தில் அது 100-க்கும் 700-க்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கும், போதாக்குறைக்கு சில நொடிகள் பின்தங்கியும் காட்டும். ஆல்டிமீட்டரும் கடிகாரமும்தான் பொய் சொல்லாது. ஒரே பள்ளியின் இரண்டு 172-களுக்கு நடுவே நான் பார்த்த வித்தியாசம் சின்னதில்லை. ஒன்றைப் பார்த்து மாணவர்கள் ‘கிழவி’ என்பார்கள். கடிகாரத்தில் வந்த எண்ணும் அதையேதான் சொன்னது.

மிக்ஸ்சரையும், அதாவது எஞ்சினுக்குள் போகும் எரிபொருள்-காற்றுக் கலவையையும், சொல்லிவிட வேண்டும். அந்த அட்டவணையின் அடிக்குறிப்பில், 3,000 அடிக்கு மேலே அதிகபட்ச ஆர்.பி.எம். கிடைக்கும்படி மிக்ஸ்சரை மெலிதாக்கியிருக்க வேண்டும் என்று இருக்கும். கடலோர ஊர்களில் பறந்து பழகியவர்களுக்கு டேக்-ஆஃப் என்றாலே மிக்ஸ்சரின் சிவப்புக் குமிழை முழுக்க உள்ளே தள்ளும் பழக்கம். ஃபிளாக்ஸ்டாஃபில் அப்படித் தள்ளிவிட்டு, அட்டவணையில் இருக்கும் 365 வரவில்லையே என்று கேட்பதில் அர்த்தமில்லை. ரன்-அப்பிலேயே (கிளம்பும் முன் செய்யும் எஞ்சின் சோதனை) முழு திராட்டிலில் வைத்து, குமிழை மெல்ல வெளியே இழுத்து, ஆர்.பி.எம். உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து துளி உள்ளே தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும்.

காற்றுக்கு வருகிறேன். எதிர்காற்று தரை வேகத்தைக் குறைக்கும், நமக்கு லாபம். அந்த லாபத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு திருப்பத்தில் எதிர்காற்று பின்காற்றாக மாறிவிடும் என்பதுதான் காரணம். பின்காற்றை மட்டும் கண்டிப்பாகச் சேர்ப்பேன், அதுவும் ரன்வே பக்கத்துக் காற்றுப்பையைப் பார்த்து இல்லை, மேல்மட்டக் காற்று முன்னறிவிப்பைப் பார்த்து. 15 நாட் பின்காற்று என்றால் 86 நாட் 101 ஆகிவிடும். மைலுக்கு 200 அடிக்கே நிமிடத்துக்கு 337 அடி தேவைப்படும். திரும்பும்போது இறக்கை சாய்வதால் ஏற்றமும் கொஞ்சம் குறையும். புறப்பாட்டுப் பாதையில் பெரிய திருப்பம் இருந்தால் அதற்கும் இடம் விடுங்கள்.

ஏறும் வேகத்தைப் பற்றியும் கேட்பார்கள். மைலுக்கு அதிக உயரம் தரும் வேகம், நிமிடத்துக்கு அதிக உயரம் தரும் வேகத்தைவிடக் குறைவு. 172எஸ்-இல் கடல்மட்டத்தில் முன்னது 62, பின்னது 74. அப்படியானால் 62-இலேயே ஏறிவிடலாமே என்றால், மூக்கைத் தூக்கிக்கொண்டு மேகத்துக்குள் நிமிடக்கணக்கில் போக வேண்டிவரும். எஞ்சின் சூடேறும், ஸ்டாலுக்கும் (இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் நிலை) தூரம் குறைவு. ரன்வேக்கு எதிரே நிற்கும் மரத்தைத் தாண்டுவதற்கு அது சரி, பத்து மைல் திட்டத்துக்கு வேண்டாம். இதற்கு நேர்மாறான பழக்கம்தான் அதிகம் தொந்தரவு தருவது. ஆயிரம் அடி ஏறியதும் எஞ்சின் குளிரட்டும் என்று மூக்கைத் தாழ்த்தி 85, 90 நாட்டுக்குப் போய்விடுவார்கள். தட்டையான ஊரில் நல்ல பழக்கம். சார்ட் கேட்ட உயரம் வரும்வரை இங்கே அதைத் தொடக் கூடாது.

ஊருக்குத் திரும்பிப் பறக்கப்போகிறவர்களுக்கு ஒரு சுருக்கு வழி. இந்தியா உட்பட ஐ.சி.ஏ.ஓ. (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) முறையைப் பின்பற்றும் நாடுகளின் சார்ட்டில் இதே விஷயம் சதவீதத்தில் வரும். வழக்கமானது 3.3 சதவீதம். அதில் 2.5 தடைத் தளத்துக்கு, 0.8 இடைவெளிக்கு. ஏறக்குறைய அமெரிக்க 200, 152, 48 தான், உடை மட்டும் வேறு. சதவீதத்தைத் தரை வேகத்தால் பெருக்கினாலே நிமிடத்துக்கு எத்தனை அடி என்பது கிட்டத்தட்ட வந்துவிடும். 3.3 பெருக்கல் 90, 297. வகுக்கவே வேண்டாம். 5 சதவீதம், 140 நாட் என்றால் 700. உண்மை விடை இதைவிட ஒரு சதவீதம் போலக் கூட இருக்கும், அதற்குள் ரவுண்டாக்கி மேலே வைத்துக்கொண்டால் போதும்.

இரட்டை எஞ்சின் ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சார்ட்டில் இருக்கும் எண் எல்லா எஞ்சினும் ஓடுகிறது என்று வைத்துப் போட்டது. பயிற்சிக்குப் பயன்படும் பைப்பர் செமினோல் முழு எடையில் ஒற்றை எஞ்சினில் தாக்குப்பிடிக்கும் உச்ச உயரம் சுமார் 3,800 அடி. ஃபிளாக்ஸ்டாஃபில் ஒரு எஞ்சின் நின்றால், மற்றது எங்கே இறங்குவது என்று தேட நேரம் தரும், ஏற்றாது. பெரிய ஜெட்டுகளிலும் இதே நிலைதான். இரட்டை எஞ்சின் பயணிகள் விமானம் ஒரு எஞ்சின் போன பிறகு, சக்கரம் உள்ளே போன நிலையில் 2.4 சதவீதம் ஏறினால் சான்றிதழுக்குப் போதும். அது 3.3-ஐ எட்டாது. அதனால்தான் விமான நிறுவனங்கள் மலைப்பாங்கான ஊர்களுக்கு எஞ்சின் நின்றால் போக வேண்டிய பாதையைத் தனியாக வகுத்து வைத்திருக்கின்றன.

புறப்பாட்டு வழியையே பார்க்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு சான் டியாகோ பக்கத்து பிரவுன் ஃபீல்டைச் சொல்வார்கள். நிலையத்தின் உயரம் 526 அடிதான், கிழக்கே ஓட்டாய் மலை. 1991 மார்ச் 16 இரவு ஒரு ஹாக்கர் ஜெட் அங்கிருந்து கிளம்பி மலையில் மோதியது. பாடகி ரீபா மெக்கென்டயரின் இசைக்குழுவைச் சேர்ந்தவர்களும் விமானிகளுமாகப் பத்துப் பேர் இறந்தார்கள். 2004 அக்டோபரில் அதே நிலையத்திலிருந்து இரவில் கிளம்பிய லியர்ஜெட் 35ஏ அதே மலையில் மோதி ஐந்து பேர் போனார்கள். இரண்டிலும், மேலே போய் ஐ.எஃப்.ஆர். அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்று பார்வை விதிகளின்படி கிளம்பியிருந்தார்கள். ஏறும் சக்திக்கு இரண்டு விமானத்திலும் குறைவில்லை, ஜெட்டுகள். தடைகளைத் தாண்டுவதற்கென்று வகுத்த புறப்பாட்டு வழியில் அவர்கள் போகவில்லை.

அந்த வழி இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது சுலபம். அமெரிக்க அப்ரோச் சார்ட்டின் (இறங்குவதற்கான சார்ட்) குறிப்புப் பகுதியில் கறுப்பு முக்கோணத்துக்குள் வெள்ளை ‘T’ எழுத்து இருந்தால், அந்த நிலையத்துக்குத் தனி டேக்-ஆஃப் மினிமமோ (கிளம்பத் தேவையான குறைந்தபட்ச அளவு) தடை தவிர்க்கும் புறப்பாடோ இருக்கிறது என்று அர்த்தம். புத்தகத்தின் முன்பகுதியில் போய்ப் படிக்க வேண்டும். அங்கேயே ரன்வே முனைக்கு அருகில் இருக்கும் மரம், கம்பம் எல்லாம் இத்தனை அடி தூரம், இத்தனை அடி உயரம் என்று பட்டியலாக இருக்கும். 200 அடிக்குள் அடங்கும் கிட்டத்துத் தடைகளுக்குத் தனி ஏற்ற எண் போட மாட்டார்கள், குறிப்பு மட்டும்தான். மாணவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ரன்வே முனையை 35 அடியில் கடக்கிறவனுக்கு அங்கே நிற்கும் 80 அடி பைன் மரம் ஒரு செய்திதான்.

கணக்குப் போட்டாகிவிட்டது, முடியாது என்று வருகிறது. என்ன செய்யலாம்? சில நிலையங்களில், விமான நிலையத்துக்கு மேலேயே கண்பார்வையில் சுற்றிச் சுற்றி ஏறிவிட்டு, குறிப்பிட்ட உயரத்தில் பாதையில் சேரும் வழி வெளியிட்டிருப்பார்கள். அதற்கு மேகக் கூரையும் பார்வைத் தூரமும் அவர்கள் சொன்ன அளவுக்கு இருக்க வேண்டும். வேறு ரன்வேக்குக் குறைந்த ஏற்றம் கேட்கலாம். எரிபொருளைக் குறைத்து நடுவில் ஒரு நிறுத்தம் வைக்கலாம். கட்டுப்பாட்டாளர் கொடுத்த சிட்டில் (SID, வெளியிடப்பட்ட நிலையான கருவிப் புறப்பாட்டு வழி) இருக்கும் ஏற்றம் நம்மால் முடியாது என்றால் தரையிலேயே சொல்லிவிட வேண்டும். ஃபிளைட் பிளானின் குறிப்பில் ‘நோ சிட்’ என்று போட்டே அனுப்பலாம். அவருக்கு நம் விமானம் எவ்வளவு ஏறும் என்று தெரியாது, தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ‘ரேடார் காண்டாக்ட்’ என்று சொன்னதும் மலையை அவர் பார்த்துக்கொள்வார் என்று சிலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அவர் நம்மைத் திரையில் அடையாளம் கண்டுவிட்டார் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

நான் பெரும்பாலும் செய்வது, கிளம்பும் நேரத்தை மாற்றுவதுதான். ஃபிளாக்ஸ்டாஃபில் ராத்தங்கி, விடிகாலையில் எழுந்து, எரிபொருளைத் தேவைக்கும் இருப்புக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுவேன். ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் அங்கே இடி மேகம் கட்டிவிடும் என்பதால் அந்த வகையிலும் இதுவே தோது. நீபோர்டின் மேல் மூலையில் மூன்று எண்களைப் பென்சிலால் எழுதி வட்டம் போட்டிருப்பேன்: எந்த உயரம் வரை, நிமிடத்துக்கு எத்தனை அடி, எந்தத் தரை வேகத்துக்கு. ஏறும்போது விமானத்தின் ஜி1000 கருவித் திரையில் தரை வேகம் நான் எழுதியதைவிடப் பத்து நாட் கூடியிருந்தால் இரண்டாவது எண்ணை அந்த இடத்திலேயே திருத்திக்கொள்வேன். மைலுக்கு 200-க்கு, பத்து நாட் கூடினால் 33 அடி கூடும்.